பஞ்சு வைத்த முடிச்சு

அந்தப் பள்ளிக்கு நான் முதன்முதலில் போனது ஒரு ஜூன் மாதக் கடைசியில். சேரன்மகாதேவி வட்டாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கன்னடியன் கால்வாய்க் கரையோடு கால்மணி நேரம் நடக்க வேண்டும். கார் சாகுபடிக்காகப் பாபநாசம் அணையிலிருந்து தண்ணீர் திறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கால்வாய் கரைமுட்ட, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் திறப்பதும் கால்வாய் திறப்பதும் ஏறக்குறைய ஒரே மாதம். அன்றுவரை அதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

ஈராசிரியர் பள்ளி அது. ஒருவர் பயிற்சிக்குப் போயிருந்தார். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே அறையில். தெற்குச் சன்னலை ஒட்டிக் கோரைப்பாயில் எட்டு வயதுப் பையன் ஒருவன் வெளியே பார்த்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். இடது மணிக்கட்டில் நீலச் சேலைக் கிழிசல் ஒன்று சுற்றியிருந்தது. அதன் மறுமுனை சன்னல் கம்பியில் இருந்தது.

நான் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர். வட்டார வள மையத்திலிருந்து நாளுக்கொரு பள்ளியாகப் போய்வருகிற வேலை. அடித்த தழும்பைப் பார்த்திருக்கிறேன், முட்டி போட்ட காலைப் பார்த்திருக்கிறேன். கட்டி வைத்திருந்த பிள்ளையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அது பொய். அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கிறேன்.

“தப்பாக நினைக்காதீர்கள் டீச்சர்” என்றார் தலைமையாசிரியர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர். “கால்வாயைப் பார்த்துக்கொண்டுதானே வந்தீர்கள்? போன வாரம் இரண்டு தடவை கரைக்கே போய்விட்டான். ஒரு தடவை நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். இன்னொரு தடவை வயலில் நின்ற ஆள் பிடித்தார். மூன்றாவது தடவை யாரும் இல்லாவிட்டால்? இங்கே ஆள் இல்லை.”

அவர் பொய் சொல்லவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் ஒரு பெரிய இழுப்பு. தண்ணீர் ஆபத்து என்பது மட்டும் அவர்களுக்கு எட்டுவதில்லை. அந்தப் பையனுக்குப் பேச்சு கிடையாது. தொட்டால் உதறுவான், கையைப் பிடித்து இழுத்தால் கடிப்பான். தலைமையாசிரியரின் முன்கையில் பல் பதிந்த வடு இருந்தது. அதை அவர் காட்டவில்லை, சட்டைக்கையை இழுத்து விட்டுக்கொண்டார்.

மதியம் பையனின் அம்மா சோறு ஊட்ட வந்தாள். பீடி சுற்றுகிற பெண். விரல்நுனிகளில் புகையிலைக் கறை. நான் முடிச்சைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

“நான் கட்டியதுதான் டீச்சரம்மா. சார்வாளைக் குறை சொல்லாதீர்கள். கை வலிக்காது, பாருங்கள்.”

அவளே அவிழ்த்துக் காட்டினாள். மணிக்கட்டில் படுகிற இடத்தில் கிழிசலை இரண்டாக மடித்து, நடுவே இலவம்பஞ்சு வைத்து, பொடித் தையலாகத் தைத்திருந்தாள். நாளெல்லாம் சுளகை மடியில் வைத்து ஆயிரக்கணக்கில் பீடிக்கு நூல் கட்டுகிற கை அது. அந்தத் தையலின் ஒழுங்கைப் பார்த்த பிறகு எனக்கு அந்த மதியம் சோறு இறங்கவில்லை. கோபப்படுவதற்கு ஆள் தேடினேன். அந்த அறையில் அப்படி யாருமே இல்லை.

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கு அந்தப் பஞ்சுதான் காரணம்.

நம் ஊரில் பள்ளித் தண்டனையைப் பற்றிப் பேச்செடுத்தாலே பிரம்புக்குத்தான் போவோம். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்துக் கோதண்டத்தைப் பாட்டனார்கள் கதையாகச் சொல்லிக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உத்தரத்தில் கயிற்றைக் கட்டி அதில் பையனைத் தொங்கவிடுவார்கள். கால் தரையில் படாது. “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்” என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த தகப்பன்மார்களை நானே பார்த்திருக்கிறேன். அதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டோம். தமிழ்நாட்டில் 2003இலேயே கல்வி விதிகளைத் திருத்தி அடியைத் தடை செய்தார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில், எந்தப் பிள்ளைக்கும் உடல்ரீதியான தண்டனையோ மனரீதியான துன்புறுத்தலோ கூடாது என்றது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் வெளியிட்ட நெறிமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போயின. பிள்ளையை வகுப்பறையிலோ நூலகத்திலோ கழிப்பறையிலோ வேறு எந்த மூடிய இடத்திலோ அடைத்து வைப்பதும் உடல்ரீதியான தண்டனைதான் என்று அவை சொல்கின்றன. அந்த நெறிமுறைகளை நடைமுறைப்படுத்தும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டது.

எல்லாம் நல்லவை. எல்லாவற்றிலும் ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது: தண்டனை.

அந்தப் பள்ளியின் சுவரில் அடி கூடாது என்கிற சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. பையனைக் கட்டியிருந்த சன்னலுக்கு இரண்டு முழம் தள்ளி. தலைமையாசிரியர் அதைத் தானே கையால் எடுத்தெழுதி ஒட்டியவர். அவர் மனதறிய அதை மீறவில்லை. அவர் தண்டிக்கவில்லையே, காப்பாற்றுகிறாரே! தாயும் தண்டிக்கவில்லை. ‘தண்டனை கூடாது’ என்கிற விதியை எத்தனை தடவை படித்துக் காட்டினாலும் அந்தக் கிழிசல் அவிழாது, ஏனென்றால் அது தண்டனை என்ற பெயரில் அங்கே வந்து உட்காரவில்லை. பாசம் என்றும் பாதுகாப்பு என்றும் பெயர் சொல்லிக்கொண்டு வந்தது. அதைத் தடுக்க வேறு விதமாக எழுதிய விதி வேண்டும். எப்போது பிடிக்கலாம், எப்படிப் பிடிக்கலாம், எப்போது விட வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும், எந்தக் காலத்திலும் எதைச் செய்யவே கூடாது என்று சொல்கிற விதி.

அப்படி ஒரு விதி நம் நாட்டில் இல்லாமல் இல்லை. அது இருக்கிற இடம்தான் வேறு.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. மனநோயாளிகளை வைத்துப் பராமரித்த இடம். சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் கருகியவர்களோடு இறந்தவர்கள் 28 பேர். அந்தச் சங்கிலியையும் பெரும்பாலும் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் போட்டிருந்தார்கள்; அதற்கும் ‘ஓடிவிடுவார்கள்’ என்பதுதான் காரணம். திருநெல்வேலியிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வேன் பிடித்துப் போய்வருகிற ஊர் அது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் படிக்கும்போது அந்தக் கொட்டகை நினைவுக்கு வராமல் இருக்காது. எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது அதன் 95ஆம் பிரிவு. 97ஆம் பிரிவு மனநோயாளியைத் தனிமையில் அடைப்பதற்கே தடை போடுகிறது. உடலைக் கட்டுப்படுத்துவதை, அவருக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து வரும்போது, தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டும் செய்யலாம் என்கிறது. ஆபத்து நீங்கத் தேவையான நேரத்துக்கு மேல் ஒரு கணமும் கூடாது. எந்த முறையில், ஏன், எவ்வளவு நேரம் என்று உடனே எழுதி வைக்க வேண்டும். நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். தண்டனையாகவோ மிரட்டலாகவோ பயன்படுத்தக் கூடாது. இவற்றோடு இன்னொன்றும் அந்தப் பிரிவில் இருக்கிறது: ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணமாகக் காட்டிக் கட்டுப்படுத்தக் கூடாது.

இந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ‘ஆள் இல்லை’ என்கிற சொல்லை இருபது வருடமாக ஒவ்வொரு பள்ளியிலும் கேட்டுவிட்டுத் தலையாட்டி வந்தவள் நான். அது காரணம் ஆகாது என்று நாடாளுமன்றம் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அதை மருத்துவமனைக்கு எழுதி வைத்திருக்கிறது. மனநல மருத்துவமனையில் நாற்பது வயது ஆணைக் கட்டினால் பதிவேட்டில் ஏற வேண்டும், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும், மாதா மாதம் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும். எட்டு வயதுப் பையனைப் பள்ளிச் சன்னலில் கட்டினால் எந்த ஏட்டிலும் ஒரு வரி ஏறாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, கொடுமையாகவும் மனிதத்தன்மையற்ற முறையிலும் நடத்துவதிலிருந்து பாதுகாப்புத் தருவதாகச் சொல்கிறது. எல்லாக் குழந்தைகளோடும் சேர்த்துப் படிக்க வைக்கப் பள்ளிகளைக் கடமைப்படுத்துகிறது. நான் அந்தச் சட்டத்தை மதிக்கிறேன். ஆனால் பதினொன்றரை மணிக்குப் பிள்ளை வாசலைப் பார்த்து ஓடும்போது என்ன செய்வது என்று டீச்சருக்கு அது சொல்லித் தருவதில்லை.

பிடிக்கவே கூடாது என்று சொல்கிறவள் அல்ல நான். கிணற்றை நோக்கி ஓடுகிற பிள்ளையைப் பிடிக்காமல் நிற்கிறவர் ஆசிரியரே அல்ல. ஆனால் பிடிப்பதில் பல விதம் உண்டு, அதைச் சொல்லித் தர நம்மிடம் யாரும் இல்லை.

என்னுடைய தவறு ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு வேறொரு பள்ளியில், பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாள். நான் அவளைத் தரையில் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் கையை ஊன்றி அழுத்திக்கொண்டேன். முட்டுவது உடனே நின்றுவிட்டது. நான் விடவில்லை. அவள் என் கன்னத்தில் கீறியிருந்தாள்; எனக்கு எரிந்தது. அடங்கட்டும், முழுதாக அடங்கட்டும் என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். ஆயா ஓடி வந்து, “டீச்சர், பிள்ளைக்கு உதடு கறுக்கிறது” என்று சொன்ன பிறகுதான் கையை எடுத்தேன். குப்புறப் போட்டு முதுகை அழுத்தினால் நெஞ்சுக்கூடு விரிய முடியாது, மூச்சு நின்று பிள்ளை செத்தே போகலாம் என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டது அதற்கும் பிறகு. பேச்சு வராத பிள்ளை ‘மூச்சு முட்டுகிறது’ என்று எப்படிச் சொல்லும்? அது திமிறும். நாம் அதை முரட்டுத்தனம் என்று நினைத்து இன்னும் அழுத்துவோம். முதல் சில நொடிகள் நான் பிடித்தது அந்தப் பிள்ளைக்காக. அதற்கு மேல் பிடித்தது எனக்காக. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது, கோபத்தில் இருக்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. அதனால்தான் கோபம் இல்லாத நேரத்தில், நாற்காலியில் உட்கார்ந்து, அதை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு அன்று வேண்டியிருந்தது தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு புத்தகப்பை. அவ்வளவுதான். கடிக்கிற பிள்ளையின் வாயிலிருந்து கையை வெடுக்கென்று உருவக் கூடாது, உருவினால் சதை கிழியும். மெல்ல உள்பக்கமாகத் தள்ளிக்கொடுத்தால் தாடை தானாகத் தளரும். பொருட்களை எறிகிற பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே போவதைவிட மற்ற முப்பது பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு அனுப்புவது சுலபம். இவையெல்லாம் அரை நாளில் சொல்லிக் கொடுத்துவிடக்கூடியவை.

பாளையங்கோட்டையில் நூறாண்டுக்கு மேலாகக் காது கேளாதோர் பள்ளி நடக்கிற மண் இது. இங்கே இருக்கிறவர்களுக்காவது ஒன்று உடனே புரியும். கையால் பேசுகிற பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்தால், அதன் வாயைப் பொத்தியதாக அர்த்தம். ‘விடுங்கள்’ என்று சொல்லக்கூட அதற்கு வழி இல்லை. விதி எழுதுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கென்று பெல்ட் வைத்த நாற்காலி கொடுக்கிறோம். முதுகு சாயாமல், கை இரண்டும் எழுதுவதற்குச் சும்மா இருக்கட்டும் என்பதற்காக அந்தப் பெல்ட். அது கட்டு அல்ல, துணை. அதே நாற்காலியில், நன்றாக நடக்கிற துறுதுறுப்பான பிள்ளையை உட்கார வைத்து, எழுந்து போகாதபடி பெல்ட்டை மாட்டியிருந்த இடத்தையும் பார்த்தேன். நாற்காலியும் பெல்ட்டும் மாறவில்லை. மாட்டியதன் நோக்கம்தான் மாறியிருந்தது. சளி மருந்தைக் கூடுதலாகக் கொடுத்துத் தூங்க வைப்பதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

தனியே அடைப்பதைப் பற்றிச் சொல்ல என் வீட்டுக்குள்ளேயே போக வேண்டும்.

எங்கள் பழைய வீட்டில் தார்சா என்கிற முன்கட்டு, பட்டாசல் என்கிற கூடம், அதற்குள்ளே அரங்குவீடு. சன்னல் கிடையாது. நெல்லும் வெண்கலப் பாத்திரமும் பத்திரங்களும் இருக்கிற அறை. என் தம்பிக்குப் பேச்சு தாமதம். புதியவர்களைப் பார்த்தால் கத்துவான். விருந்தாளிகள் வந்தால் ஆச்சி அவன் கையில் இரண்டு முறுக்கைக் கொடுத்து அரங்குவீட்டுக்குள் விட்டு வெளியே நாதாங்கியைப் போடுவாள். ஆச்சிக்கு அவன்தான் உயிர். இரவில் அவள் பக்கத்தில்தான் படுப்பான். நாலு பேர் அவனைப் பார்த்து ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் பூட்டினாள். வந்தவர்கள் காப்பி குடித்துப் போன பிறகு நான் போய்த் திறப்பேன். முறுக்கு அவன் கைக்குள்ளேயே தூளாகியிருக்கும், ஒரு கடிகூடக் கடித்திருக்க மாட்டான். நெல் சுணை பட்டுக் கையெல்லாம் தடித்திருக்கும். ஆச்சி தேங்காய் எண்ணெய் தடவுவாள், தடவிக்கொண்டே அழுவாள். அடுத்த விருந்துக்கும் அதேதான் நடந்தது. தம்பிக்கு இப்போது ஐம்பது வயது நெருங்குகிறது. கழிப்பறைக் கதவைக்கூடத் தாழிட மாட்டான்.

பள்ளிகளில் அரங்குவீடு இல்லை. அதற்குப் பதிலாக ஸ்டோர் ரூம் இருக்கிறது, விளையாட்டுச் சாமான் வைக்கிற அறை இருக்கிறது, யாரும் போகாத மாடிப்படிக்கட்டு இருக்கிறது. ‘கொஞ்ச நேரம் ஒற்றையில் இருக்கட்டும், அடங்கிவிடுவான்’ என்பார்கள். அடங்கத்தான் செய்கிறார்கள். கத்திக் கத்தி ஓய்ந்து போவதற்கும் பெயர் அடங்குவதுதான்.

சத்தம் தாங்காத பிள்ளைக்கு ஓர் அமைதியான மூலை வேண்டும் என்று நானே பள்ளி பள்ளியாகக் கேட்டு வருகிறேன். பாய், இரண்டு தலையணை, உருட்ட ஒரு பந்து. அந்த மூலைக்கும் அரங்குவீட்டுக்கும் வித்தியாசம் கதவில் இருக்கிறது. பிள்ளை தானாக வெளியே வர முடியுமா? கூப்பிடு தூரத்தில், பார்வைக்குள், பெரியவர் ஒருவர் இருக்கிறாரா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் அது ஓய்விடம். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் அது சிறை.

அமெரிக்காவில் இதற்கென்றே சிறு அறைகள் கட்டினார்கள். அந்த நாட்டுக் கல்வித் துறை 2012இல் 15 கோட்பாடுகளை வெளியிட்டது. கடுமையான உடல் ஆபத்து உடனடியாக வரும்போது மட்டும், மூச்சுக்கு இடைஞ்சல் வராதபடி, ஆபத்து தீர்ந்ததும் விட்டுவிட வேண்டும், ஒவ்வொரு முறையும் பெற்றோருக்குச் சீக்கிரமே சொல்ல வேண்டும், ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்பப் பிடிக்க வேண்டி வந்தால் அந்தப் பிள்ளைக்கான திட்டத்தையே மறுபடி பார்க்க வேண்டும் என்றெல்லாம். கருவிகளால் கட்டவே கூடாது என்றும் சொன்னது. ஆனால் அவை அறிவுரைகள்தான். நாடு முழுவதுக்குமான சட்டத்தைப் பலமுறை கொண்டுவந்தும் நிறைவேற்ற முடியவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. 2019 நவம்பரில் சிகாகோ டிரிபியூன் நாளிதழும் புரோபப்ளிகா என்கிற புலனாய்வுச் செய்தி நிறுவனமும் இல்லினாய் மாநிலப் பள்ளிகளைப் பற்றி எழுதின. ஏறக்குறைய ஒன்றேகால் வருடத்தில் 20,000க்கும் மேற்பட்ட தடவை பிள்ளைகளைத் தனியறையில் அடைத்திருந்தார்கள். விவரம் தெரிந்த சம்பவங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாதுகாப்புக் காரணம் எதுவும் எழுதப்படவே இல்லை. பாடம் எழுத மறுத்தான், திட்டினாள் என்பது போன்ற காரணங்கள். மாநிலக் கல்வி வாரியம் மறுநாளே அவசர நடவடிக்கை எடுத்தது.

அந்தச் செய்தியில் என்னை உலுக்கியது வேறொன்று. இவ்வளவும் வெளியே வந்தது பள்ளிகளே எழுதி வைத்திருந்த குறிப்புகளிலிருந்து. வெளியே நின்றவர்கள் நிமிடக் கணக்காக, பிள்ளை சொன்னதையும் அழுததையும் எழுதி வைத்திருந்தார்கள். எழுதியதால் ஒருநாள் யாரோ படித்தார்கள். நம் பள்ளிகளில் எத்தனை பேர் எத்தனை நேரம் ஸ்டோர் ரூமில் இருந்தார்கள் என்று யார் படிப்பது? எங்கே இருக்கிறது அந்த ஏடு?

விதி எழுதினால், பிடிப்பதற்கு அனுமதி கொடுத்தது போல ஆகிவிடாதா என்று என்னோடு வேலை செய்யும் சிலர் கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் அனுமதி இப்போதே, கேட்பாரில்லாமல், முழுதாக இருக்கிறது. விதி வந்தால் அது குறையத்தான் செய்யும். என் மனதில் இருக்கிற விதி நீளமானது அல்ல. கட்டுவது கிடையாது, துணியாலும் கிடையாது, பஞ்சு வைத்தாலும் கிடையாது. பூட்டுவது கிடையாது. வெறும் கையால் பிடிப்பது மட்டும் உண்டு; அதுவும் இந்த நிமிடம் பிடிக்காவிட்டால் பிள்ளைக்கோ பக்கத்துப் பிள்ளைக்கோ காயம் என்ற நிலையில். குப்புறப் போடக் கூடாது. நெஞ்சிலும் கழுத்திலும் கை போகக் கூடாது. இன்னொரு பெரியவர் அருகில் இருக்க வேண்டும். ஆபத்து போனதும் கை போய்விட வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் சொல்ல வேண்டும், எழுத வேண்டும்.

அந்தக் கால்வாய்ப் பள்ளியில் எழுதுவதில்தான் நாங்கள் தொடங்கினோம். ஜூலை முதல் வாரம் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கட்டம் போட்டேன்: நேரம், அதற்கு முன்னால் நடந்தது, நாங்கள் செய்தது, எத்தனை நிமிடம், அம்மா கையெழுத்து. கிழிசலை அவிழ்க்கத் தாய் லேசில் சம்மதிக்கவில்லை. “கால்வாயில் தண்ணீர் நிற்கிற வரைக்குமாவது இருக்கட்டும் டீச்சரம்மா” என்றாள். ஊராட்சியில் கேட்டு, வாசலுக்கு மூங்கில் படல் ஒன்று வைத்து, அதன் கொக்கியை உயரத்தில் மாட்டிய பிறகுதான் அவளே வந்து அவிழ்த்தாள். கிழிசலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். முதல் வாரம் அவளும் பீடிச் சுளகைத் தூக்கிக்கொண்டு வந்து பள்ளி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

இதற்கிடையில் நல்ல எண்ணத்தில் இன்னொரு தவறும் நடந்தது. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அவனுக்குக் காவலாக உட்கார வைத்திருந்தார்கள். பொறுப்பான பிள்ளைதான். ஆனால் மூன்று வாரமாக அவள் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் நகரவில்லை. பிள்ளைக்குப் பிள்ளையைக் காவல் வைப்பது இரண்டு பிள்ளைகளைக் கட்டி வைப்பதற்குச் சமம் என்று சொல்லி நிறுத்தினேன். தலைமையாசிரியருக்கு வருத்தம்தான்.

ஆகஸ்டில் நோட்டை எடுத்து வைத்து நானும் அவரும் படித்தோம். பதினேழு பதிவுகள். அவர் விரலால் நேரக் கட்டத்தைக் கீழ்நோக்கித் தடவிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டைத் தவிர எல்லாமே பதினொன்றுக்கும் பதினொன்றரைக்கும் நடுவில். இடைவேளை மணி அடிக்கிறது; பிள்ளைகள் குழாயடியில் முண்டியடித்து முகம் கழுவுகிறார்கள்; தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. அவனுக்கும் தண்ணீர் வேண்டும், அந்தக் கூட்டத்துக்குள் போக அவனால் முடியாது. கூட்டம் இல்லாத தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அங்கே போகிறான்.

‘ஆள் இல்லை’ என்று நாங்கள் இரண்டு பேரும் சொல்லி வந்தது நாள் முழுக்க ஒரு ஆள் வேண்டும் என்ற கணக்கில். நோட்டு கேட்டது அரைமணி நேரத்துக்கு ஒரு ஆளை. சத்துணவு உதவியாளர் அம்மா, “அரிசி வேகிற நேரம்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே, வேப்பமரத்தடியில் இரண்டு வாளி, ஒரு செம்பு. ஒன்றிலிருந்து மொண்டு மற்றதில் ஊற்றுவான். ஊற்றும்போது செம்பைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடித்து, வெயிலில் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அப்போது அவன் உடம்பு ஆடுவதில்லை.

பிறகும் ஓடினான். பிறகும் இரண்டு தடவை அவனைக் கையால் பிடிக்க வேண்டி வந்தது, ஒரு தடவை தலைமையாசிரியரைக் கடித்தான். இரண்டையும் எழுதினார், இரண்டுக்கும் அன்றே வீட்டுக்குப் போய்ச் சொன்னார்.

டிசம்பரில் நான் போனபோது பிசானப் பருவ நெல்லுக்குக் கால்வாய் மறுபடி நிறைந்து போய்க்கொண்டிருந்தது. அவர் நோட்டை என்னிடம் நீட்டினார். கடைசிப் பதிவு அவர் கையெழுத்தில் இப்படி இருந்தது:

‘11.05. மழை. வாளி வைக்கவில்லை. படல் வரை போனான். நான் கூடவே நடந்தேன். பிடிக்கவில்லை. கொக்கியைத் தொட்டுப் பார்த்தான். சிறிது நேரம் நின்றோம். என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான்.’

எத்தனை நிமிடம் என்கிற கட்டத்தில் ஒரு கோடு. அடுத்த கட்டத்தில் அம்மாவின் கையெழுத்து, புகையிலைக் கறையோடு.